வலி யாருக்கு?

சைக்கிளில் அண்ணாமலையைச் சுற்றினால் புண்ணியம் சேராது என்பது என் மாமியாரின் தீர்ப்பு. அதற்கு அவர் காட்டும் சாட்சி, சுற்றி முடித்து வீடு வரும்போது என்னோடு வரும் தலைவலி. "நடந்து போறவங்களுக்குக் கால்தான் வலிக்கும். உனக்கு மட்டும் ஏன் தலை வலிக்குது? அந்த அண்ணாமலையாருக்கே பிடிக்கலை" என்பார். அவர் பேச்சை லேசில் தள்ளிவிட முடியாது. அவர் பக்கம் ஒரு புராணமே நிற்கிறது.

சைவ எல்லப்ப நாவலர் பாடிய அருணாசல புராணத்தில் வச்சிராங்கத பாண்டியன் கதை இருக்கிறது. வேட்டைக்கு வந்த பாண்டியன் குதிரைமேல் ஏறி ஒரு புனுகுப்பூனையைத் துரத்துகிறான். பூனை மலையைச் சுற்றி ஓடுகிறது. குதிரையும் விடாமல் பின்னாலேயே ஓடுகிறது. சுற்றி வந்ததும் இரண்டும் விழுந்து உயிரை விடுகின்றன. விட்ட கையோடு துர்வாசர் கொடுத்த சாபம் நீங்கி, பழைய வித்தியாதரர்களாக எழுந்து நிற்கின்றன. அரசனுக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. அவன் தன் காலால் சுற்றவில்லையே, குதிரையின் முதுகில் உட்கார்ந்துதானே வந்தான்! பிறகு அவன் நாட்டை மகனிடம் விட்டுவிட்டு, நடந்தே வலம் வந்து கதி பெற்றான் என்று கதை முடிகிறது.

ஆட்டோவில் சுற்றுகிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம். சைக்கிளுக்கு எப்படிப் பொருந்தும்? அதில் அரசனும் நான்தான், குதிரையும் நான்தான். என்னைச் சுமந்துகொண்டு வேறு எந்த உயிரும் ஓடவில்லை. மாமியாரிடம் இதைச் சொன்னால், "வாய் மட்டும் இருக்கு உனக்கு" என்று போய்விடுவார்.

எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது வேறொன்று. பூனைக்குப் பக்தி கிடையாது, உயிர் பயத்தில் ஓடியது. குதிரை கடிவாளத்துக்குக் கட்டுப்பட்டு ஓடியது. இரண்டும் மூச்சு முட்டித்தான் செத்தன. ஆனால் அந்த வேதனைக்குக் கூலியாகச் சாப விமோசனம் கொடுத்ததாகப் புராணம் சொல்லவில்லை. மலையைச் சுற்றியதற்குக் கிடைத்தது. வலி வழியில் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். உடம்பை வருத்தினால்தான் சாமி இரங்கும் என்று சொல்கிறவர்களிடம் இதைத்தான் சொல்ல ஆசைப்படுகிறேன்.

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் வருவாய்ப் பிரிவில் எனக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் விடிவதற்குள் வீட்டைப் பூட்டிக்கொண்டு, மகளுக்குப் பள்ளியில் கொடுத்த விலையில்லா சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலூர் ரோட்டில் ஊருக்குள் இறங்குவேன். ராஜகோபுரத்துக்கு ஒரு கும்பிடு. அங்கிருந்து செங்கம் ரோடு, அக்னி லிங்கம், சேஷாத்ரி ஆசிரமம், ரமணாசிரமம், எமலிங்கம். அதற்கப்புறம் வலதுபக்கம் திரும்பி மரநிழலுக்குள் நுழையும்வரை எனக்கு உயிர் கையில் இருக்காது. லாரியும் பஸ்ஸும் உரசிக்கொண்டு போகும். ஹேண்டில்பாரை முறுக்கிப் பிடித்திருப்பேன்; தோள் இரண்டும் காதுவரை ஏறியிருக்கும். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அடி அண்ணாமலை தாண்டி, குபேர லிங்கம் வரும்போது வெயில் நேராக முகத்தில் அடிக்கும். அங்கேதான் ஆரம்பிக்கும். முதலில் பிடரியில் ஒரு இறுக்கம், பிறகு பொட்டு இரண்டிலும் நாடி துடிப்பது கேட்கும், மிதிக்கிற ஒவ்வொரு மிதிக்கும் ஒரு துடிப்பு. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால் நெற்றியோரம் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும்.

டாக்டரம்மாவிடம் போனபோது அவர் என் பக்தியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்றார். கோயிலுக்குப் போகும்போது வெறும் வயிறுதான் என்றேன். தண்ணீர்? குடிப்பதில்லை. தினமும் காபி உண்டா? ஆறு மணிக்கு ஒரு டம்ளர், அன்றைக்கு மட்டும் கிடையாது. அவர் சிரிக்கவில்லை, ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். காபி பழகிய உடம்புக்கு அந்த வேளைக் காபி கிடைக்காவிட்டாலே தலை வலிக்கும். வியர்வையில் தண்ணீரும் உப்பும் சேர்ந்தே போகின்றன. தோளைத் தூக்கிக்கொண்டு ஓட்டினால் கழுத்துத் தசை இறுகி, அந்த வலி மண்டைக்கு ஏறும். இவை தவிர, உடம்பு கடுமையாக உழைத்தாலே சிலருக்குத் துடிக்கிற தலைவலி வரும், வெயில் காலத்தில் இன்னும் சுலபமாக வரும், இரண்டு நாளுக்குள் தானே அடங்கிவிடும் என்றார். மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதீர்கள், அடிக்கடி போட்டால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும் என்றும் எச்சரித்தார்.

கிளம்பும்போது அவர் சொன்னதுதான் என்னோடு வீடுவரை வந்தது. மூளைக்கு வலி தெரியாதாம். அதை மூடியிருக்கிற சவ்வுக்குத் தெரியும், ரத்தக் குழாய்க்குத் தெரியும், கழுத்துத் தசைக்குத் தெரியும். எல்லா வலியையும் அறிகிற மூளையைத் தொட்டால் அதற்கு வலிக்காது. அப்படியானால் 'எனக்கு வலிக்கிறது' என்கிறேனே, அது யாருக்கு?

இந்த ஊரில் அந்தக் கேள்வி புதிதல்ல. 1902-ல் விருபாட்சி குகைக்குப் போய், மௌனமாக இருந்த ரமணரிடம் நான் யார் என்று கேட்டவர் சிவப்பிரகாசம் பிள்ளை. எங்கள் துறைக்காரர், தென்னார்க்காடு கலெக்டர் ஆபீசில் வருவாய்த் துறையில் இருந்தவர், ஆபீஸ் வேலையாகத்தான் இங்கே வந்தார். ரமணர் எழுதிக் காட்டிய பதில்கள்தான் பிறகு 'நான் யார்?' என்ற சிறு நூலாயிற்று. கோப்புகளோடு வாழ்கிற ஒருவர் போய்க் கேட்ட கேள்வி என்பதால் எனக்கு அதில் ஒரு தனிப் பிரியம். எந்த எண்ணம் எழுந்தாலும், இது யாருக்கு என்று பின்னாலேயே போகச் சொல்கிறது அந்த நூல்.

குபேர லிங்கத்துக்குப் பக்கத்தில் சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு, தலை விண்விண்ணென்று தெறிக்கும்போது நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். வலி போகவில்லை. ஆனால் வலியோடு ஒட்டிக்கொண்டு வந்த பயம் போயிற்று. சாமி தண்டிக்கிறது, சக்கரத்தில் வந்தது தப்பு, போன ஜென்மத்துக் கணக்கு என்று நானே சேர்த்து வைத்திருந்ததெல்லாம், யாருக்கு என்று கேட்டவுடன் பிடிக்க ஆளில்லாமல் விழுந்தது. மிச்சம் இருந்தது வெறும் தலைவலி. அதற்குத் தண்ணீர் கொடுத்தால் போதும்.

நான் உடம்பில்லை என்றவர் உடம்பை என்ன செய்தார் என்று இங்கே கேட்பார்கள். 1949-ல் ரமணருக்கு இடது கையில் புற்றுக்கட்டி. அந்த ஓராண்டில் நான்கு முறை அறுத்தார்கள். தனக்காக அவர் எதையும் கேட்கவில்லை. செய்ய வந்த டாக்டர்களைத் தடுக்கவும் இல்லை. 1950 ஏப்ரல் 14 அன்று உடம்பு விழுந்தது. வலியை அவர் தவமாக்கிக் காட்டிக்கொள்ளவில்லை, வைத்தியத்தைப் பாவமாகவும் நினைக்கவில்லை. இன்றைக்கும் ஆசிரமத்தில் இலவச மருந்தகம் நடக்கிறது. 'நான் யார்' என்று தேடி வருகிறவர்கள் அங்கேயே இருமலுக்கு மருந்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். இதில் முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வினைப்பயன், அனுபவித்துத்தான் தீர்க்க வேண்டும் என்கிற பேச்சுக்குச் சம்பந்தரே பதில் வைத்திருக்கிறார். திருச்செங்கோட்டில் அவரோடு வந்த அடியார்களுக்குக் குளிர்சுரம் கண்டபோது பாடியது திருநீலகண்டப் பதிகம். இது வினையால் வந்தது என்று தெரிந்தும், தப்பும் வழியைத் தேடாமல் உட்கார்ந்திருப்பது உங்களுக்கு ஒரு குறைதானே என்ற தொனியில்தான் அது தொடங்குகிறது. அப்பருக்குச் சூலை வந்தபோதும் அப்படியே. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தாங்கவில்லை என்று கதறினார், தமக்கை திலகவதியாரைத் தேடித் திருவதிகைக்குப் போனார், எடுத்துவிடு என்று ஈசனிடம் கேட்டார். வலியைத் தீர்க்கச் சொல்லிக் கேட்பதும் நம் சைவத்தில் ஒரு வழிபாடுதான்.

இப்போது கிளம்புமுன் இரண்டு இட்லியும் அந்த ஒரு டம்ளர் காபியும் உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து கரைத்து பாட்டிலில் எடுத்துக்கொள்கிறேன். செங்கம் ரோட்டில் அடிக்கடி தோளை இறக்கிவிடுகிறேன். பௌர்ணமிக்கு மட்டும் மாமியாரோடு நடை. அந்தக் கூட்டத்தில் சைக்கிளுக்கு இடமில்லை, நிறைமாத ராணி நடப்பதுபோல மெதுவாக நடக்க வேண்டும் என்ற பெரியவர்கள் பேச்சையும் அவரோடு போனால்தான் என்னால் காப்பாற்ற முடிகிறது.

தலைவலியைச் சாமியின் சோதனை என்று பொறுத்துக்கொண்டிருக்கும் பெண்கள் எங்கள் ஆபீசிலேயே உண்டு. அவர்களிடம் நான் தத்துவம் பேசுவதில்லை. இடி விழுந்ததுபோல் திடீரென்று தலை வெடித்தால், கழுத்து விறைத்தால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், கை கால் மரத்தால், வாந்தி நிற்காவிட்டால், வெயிலில் பேச்சு குழறினால் விபூதியை நெற்றியில் பூசிக்கொண்டே 108-க்குப் போன் செய்யுங்கள் என்கிறேன். உழைத்தபின் முதல்தடவையாகத் தலைவலி வந்தாலும் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள் என்றும் சொல்கிறேன். கிரிவலத்தை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்.