பரிசுக்குள் ஒரு கொள்கை

கையால் பின்னிய காலுறையை நியாயமான விலைக்கு விற்க முடியாது. சுற்றுக்கு 64 கண்ணிகள் என்று வைத்தால், ஒரு காலுறைக்குப் பத்தாயிரம் கண்ணிகளுக்கு மேல் போகும். ஒரு ஜோடி முடிக்க எனக்கு 20 மணி நேரம் பிடிக்கிறது. நான் வசிக்கும் டொராண்டோவின் குறைந்தபட்சக் கூலியைப் போட்டுப் பார்த்தால்கூட 300 டாலரைத் தாண்டிவிடும். அந்த விலைக்கு யார் வாங்குவார்கள்? ஆக, நாமே போட்டுக்கொள்ளலாம், இல்லையென்றால் யாருக்காவது கொடுக்கலாம். கொடுப்பது என்று வந்துவிட்டால் அது நல்ல காரியம்தான் என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். எனக்குச் சந்தேகம் தொடங்குவது அங்கேதான்.

அடுத்த ஜோடி என் அக்காவுக்கு. அதற்கு நூல் தேர்ந்தெடுக்க வேண்டும். கடையில் எனக்குப் பிடித்தது எந்தப் பதப்படுத்தலும் இல்லாத, ஆட்டின் வாசனை இன்னும் போகாத சுத்தக் கம்பளி. பக்கத்துத் தட்டில் இருந்தது ‘சூப்பர்வாஷ்’: முக்கால் பங்கு கம்பளி, கால் பங்கு நைலான். நூறு கிராம், நானூறு மீட்டர், ஒரு ஜோடிக்குத் தாராளமாகப் போதும்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சின்னது இல்லை. கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் தண்ணீரும் அலசலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும், காலுறை சுருங்கிக் கட்டியாகிவிடும். இதைத் தடுக்க, செதில்களைக் குளோரினால் மழுக்கி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு கொடுப்பதுதான் வழக்கமான சூப்பர்வாஷ் முறை. குதிகால் சீக்கிரம் தேயாமலிருக்க நைலான். துவைக்கும்போதெல்லாம் அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் தண்ணீரோடு போகும். என் மனசாட்சி எந்த நூலைச் சொல்லும் என்பதில் குழப்பமே இல்லை.

ஆனால் அக்கா முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்க்கிறாள். எட்டு மணி நேரம் நின்றே இருக்கும் கால்கள். நான் பின்னப்போவதாகச் சொன்னதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “மெஷின்ல போடலாமாடி?”

சுத்தக் கம்பளியைக் கையால்தான் துவைக்க வேண்டும். பிழியக் கூடாது, துண்டில் சுருட்டி ஒற்றியெடுத்துப் பரப்பிக் காயவைக்க வேண்டும். குதிகால் தேய்ந்தால் ஊசியில் நூல் கோத்து அடைக்க வேண்டும். கொள்கை என்னுடையது, அதற்கான வேலை அவளுடையது. இது சரியா?

இந்த இடத்தில் காந்தியும் தாகூரும் நினைவுக்கு வருகிறார்கள். 1925இல் ராட்டையைக் குறித்து இருவரும் அச்சிலேயே வாதிட்டார்கள். எல்லோரும் ஒரே வேலையை இயந்திரம்போலச் செய்வது மனத்தை மழுங்கடிக்கும் என்பது தாகூரின் கவலை. யாரையும் தன் தொழிலை விடச் சொல்லவில்லை, நாட்டுக்காக நாளுக்கு அரை மணி நேரம் நூற்கத்தான் கேட்கிறேன் என்றார் காந்தி. யார் சொன்னது சரி என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. காந்தி வெளிப்படையாகக் கேட்டார், தானும் நூற்றார். அதனால் தாகூரால் வெளிப்படையாக மறுக்க முடிந்தது.

பரிசை அப்படி மறுக்க முடியாது. “இருபது மணி நேரம் உட்கார்ந்து உனக்காகப் பின்னினேன்” என்று நீட்டினால், “எனக்கு இது தோதுப்படாது” என்று எந்த அக்கா சொல்வாள்? வாங்கிக்கொள்வாள், அலமாரியில் வைப்பாள், நான் வரும் நாளில் மட்டும் போட்டுக்கொள்வாள். நான் என் கொள்கையைப் பரிசுக்குள் வைத்துக் கொடுக்கும்போது, அவளுடைய மறுக்கும் உரிமையைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்கிறேன். அன்பு என்ற பெயரில் நம் வீடுகளில் நடக்கும் பல வற்புறுத்தல்கள் இந்த வகைதான்.

இதற்கு ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. அந்தத் துகள்கள் போய்ச்சேரும் நீர்நிலைகளில் வாழும் உயிர்களை யார் கேட்டார்கள்? அவற்றுக்கும்தான் மறுக்கும் உரிமை இல்லை. அக்காவின் வசதி என்று சொல்லி அவற்றை நான் கணக்கிலிருந்து விட்டுவிட முடியுமா? முடியாது. நைலான் சேர்ந்தால் கூடுதல் காலம் உழைக்கும், அதனால் குறைவாகத் தூக்கியெறிவோம் என்று ஒரு சமாதானம் சொல்லலாம். கணக்கு அதோடு நேராகிவிடாது.

“நானே துவைத்துத் தைத்துத் தருகிறேன்” என்று சொல்லலாமா என்றும் யோசித்தேன். அப்போதும் அவள் அழுக்குக் காலுறையைப் பத்திரப்படுத்தி, என் வரவுக்குக் காத்திருக்க வேண்டும். உதவி என்ற பெயரில் இன்னொரு கயிறு.

எனக்கான காலுறைகளைச் சுத்தக் கம்பளியில்தான் பின்னுகிறேன். துவைப்பது நான், ஓட்டையை அடைப்பதும் நான். என் கொள்கைக்கு நானே விலை கொடுக்கும் வரைதான் அது கொள்கை என்று நினைக்கிறேன். அக்காவுக்கு சூப்பர்வாஷ் நூலையே எடுத்தேன். உறுத்தல் இருக்கிறது, அதை அவளிடம் கொடுக்கப் போவதில்லை. நிறத்தை அவளையே சொல்லச் சொன்னேன். அழுக்கு தெரியாத கருநீலம் போதுமாம்.