இடம் மாறாத கேரட்

கத்தரி, தக்காளியை நாற்றுவிட்டுப் பிடுங்கி நடலாம், கோபித்துக்கொள்ளாது. கேரட் அப்படியல்ல. விதை விழுந்த இடத்திலேயே வளர வேண்டும். இடம் மாற்றினால் ஆணிவேர் அடிபட்டுக் கிழங்கு கவட்டையாகப் பிரியும். கூழாங்கல் தடுத்தாலும் அப்படித்தான்.

மாடியில் ஓரடி ஆழமுள்ள பை போதும். செம்மண், மணல், தேங்காய் நார்க்கழிவு, நன்கு மக்கிய உரம். விரல் சுலபமாக இறங்குகிற பொலபொலப்பு முக்கியம். சமவெளியில் கார்த்திகை, மார்கழிக் குளிர் கேரட்டுக்குத் தோது. முளைக்க 2 வாரம்கூட ஆகலாம். அதுவரை மேல்மண் காயக் கூடாது. (9ஆம் நாளே பொறுமையிழந்து கிளறிப் பார்த்தேன். அந்தப் பையில் ஒன்றும் வரவில்லை.)

கஷ்டமான வேலை முளைத்த பிறகு. இரண்டு அங்குலத்துக்கு ஒரு செடி விட்டு மற்றதைக் களைய வேண்டும். மனம் வராது, நன்றாக நிற்கும் செடியை யார் பிடுங்குவார்? விட்டுவைத்தவருக்குக் கிடைப்பதோ சுண்டுவிரல் பருமன் வேர். கத்தரிக்கோலால் நறுக்கிவிடுங்கள், பக்கத்து வேர் அசையாது. கிழங்கின் தலை வெளியே தெரிந்தால் மண் அணையுங்கள். வெயில் பட்டால் பச்சையாகிக் கசக்கும்.

70 முதல் 90 நாளில் பிடுங்கலாம். தழையை எறிந்துவிடாதீர்கள், பாசிப்பருப்பு போட்டுப் பொரியல் செய்யலாம்.