பேஷண்ட்டும் ஸாபிரும்



மருத்துவமனையில் படுத்திருப்பவரை 'பேஷண்ட்' என்கிறோம். பொறுமைக்கு ஆங்கிலத்தில் 'பேஷன்ஸ்' என்று பெயர். இரண்டு சொற்களும் ஒரே லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தவை. துன்பத்துக்கு ஆளாவது, தன்மேல் விழுவதைத் தாங்கிக்கொள்வது என்பது அந்த வேரின் பொருள். தானாக எதுவும் செய்யாமல் இருப்பதைக் குறிக்கும் 'பேஸிவ்' என்ற சொல்லும் இதே குடும்பம்தான். (தமிழில் 'பொறை' என்றால் பொறுமை, சுமை என்றும் பொருள் உண்டு. அதுவும் அழகான சொல்தான்.)

ஆனால், 'ஸப்ர்' என்ற அரபுச் சொல் வேறு இடத்திலிருந்து வருகிறது. அதன் அடிப்படைப் பொருள் தடுத்து நிறுத்துவது, பிடித்து வைப்பது. உயிருள்ள பிராணியைக் கட்டிவைத்து அதன்மேல் அம்பெய்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் அந்த ஹதீஸில், கட்டிவைப்பதைச் சொல்ல இதே வேர்ச்சொல்தான் வந்திருக்கிறது.

அப்படியானால் ஸப்ரில் நாம் கட்டிவைப்பது எதை? நிராசையில் விழாமல் மனதை, அல்லாஹ்வைக் குறை சொல்லாமல் நாவை, கன்னத்தில் அறைந்துகொள்ளாமல் கையை என்று இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) விளக்குகிறார்கள். கண்ணீர் இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள்!

யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் கவலையால் வெளுத்துப் போயின. தம் துக்கத்தை அல்லாஹ்விடம் மட்டும் முறையிட்டார்கள். அய்யூப் (அலை) அவர்கள் தமக்கு ஏற்பட்ட துன்பத்தைச் சொல்லியே ரப்பை அழைத்தார்கள். அவர்களைத்தான் அல்லாஹ் ஸாபிர், பொறுமையாளர் என்று புகழ்கிறான். மகன் இப்ராஹீம் உயிர் பிரியும் நேரத்தில் நபி (ஸல்) அவர்களின் கண்களிலும் கண்ணீர் வழிந்தது. நோய் வந்தால் மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னதும் அவர்கள்தான்.

நாம் என்ன செய்கிறோம்? கணவனிடம் அடிபட்டு வந்து நிற்கும் மகளிடம், "ஸப்ர் செய்யம்மா, எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லி ஆட்டோ பிடித்துத் திருப்பி அனுப்புகிறோம். வாயால் ஸப்ர் என்கிறோம். மனதில் இருப்பதோ 'பேஸிவ்'. பிராணியையே கட்டிவைத்து அடிக்கக் கூடாது என்ற மார்க்கத்தில் இருந்துகொண்டு, அவளைக் கட்டிப்போட அந்தச் சொல்லையே கயிறாக்குகிறோம்.

அநியாயம் செய்யும் சகோதரனுக்கும் உதவுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, அது எப்படி என்று தோழர்கள் கேட்டார்கள். அவன் கையைப் பிடித்துத் தடுப்பதுதான் அந்த உதவி என்று விளக்கம் தந்தார்கள். இதுவும் புகாரியில் இருக்கிறது. இந்த ஹதீஸை மருமகனிடம் போய்ச் சொல்ல நம் குடும்பத்தில், நம் ஜமாஅத்தில் யார் எழுந்து நிற்கப் போகிறோம்?