உமிக்கு உரியவர் யார்?

கல்முனைக்குடிக்கு மேற்கே வயற்கண்டங்கள். கிழக்கே கடல், கரையோரத் தென்னைகள். நெல்லின் எடையில் ஏறத்தாழ 20 வீதம் உமியாகக் கழியும். தேங்காயில் எஞ்சுவது சிரட்டை. கழிவென்று பெயர் பெற்ற இவையே வறியோரின் அடுப்பை எரிப்பவை.

சிரட்டையைக் காற்றுப் புகாது சுட்டுக் கரியாக்கி, 900 பாகை செல்சியசை அண்டிய வெப்பத்தில் நீராவி செலுத்தினால் நுண்துளைகள் தோன்றும். அத்தகைய கரியின் ஒரு கிராமினுள் 1000 சதுர மீற்றருக்கும் மேற்பட்ட பரப்பு அடங்கும். அப்பரப்பில் மின்னேற்றம் தங்குவதாலேயே மீக்கொள்ளளவிகள் நொடிகளில் மின்னை ஏற்று நொடிகளில் வழங்குகின்றன. உமி அத்துணை எளிதில் இணங்காது. அதன் சாம்பலிற் பெரும்பகுதியான சிலிக்காவைக் காரங்கொண்டு கரைத்தல் வேண்டும். 1973இல் தொடங்கப்பெற்ற ஹேகார்ப் நிறுவனம் இலங்கைச் சிரட்டைக் கரியை உலகச் சந்தைக்குக் கொண்டுசென்றது.

விலையற்றதற்கு விலை வந்தபின் அது எவருடையது? மழையில் விளைந்ததற்கு 10இல் ஒன்று, செலவிட்டு நீரிறைத்ததற்கு 20இல் ஒன்று வறியோர் முதலானோர்க்குரியது என்பது இஸ்லாமிய நெறி. ஷாபிஈ மத்ஹபு இதனைச் சேமித்துண்ணும் தானியங்கட்கு விதிக்கிறதேயன்றி, உமிக்கோ சிரட்டைக்கோ விதிக்கவில்லை. எவரும் விலைபேசாதவரை வறியோர் அவற்றைக் கேளாமலே அள்ளினர். அது எழுதப்படாத பங்கு. வணிகன் சாக்கோடு வரும்போது முதலில் மறைவதும் அதுவே. ஆதலின் ஒரு பகுதியை ஊரடுப்புக்கென ஒதுக்குதல் ஈகையன்று. முன்பிருந்த பாத்தியதையை ஏற்றலாம்.

வணிகச் சரக்கின் பெறுமதியில் 40இல் ஒன்று ஸகாத்தாக வருமே எனலாம். அது ஆண்டு நிறைந்து கணக்கிட்டபின் வருவது. சிரட்டையோ அன்றன்றைய உலைக்கு வேண்டுவது.