விலை கொடுத்து உண்ணும் விருந்து

காசு கொடுத்து உண்பவன் விருந்தினன் ஆவானா? விலை வந்த இடத்தில் விருந்தோம்பல் செத்துவிட்டது என்று சொல்வோர் நம்மிடையே உண்டு. அத்தனை எளிதில் தீர்ப்பளிக்கத்தக்க வழக்கன்று இது.

காக்கசஸ் மலைத்தொடரில், ஜார்ஜியா நாட்டில், ஸ்தெபான்ட்ஸ்மிண்டா என்றொரு சிற்றூர். ஏறத்தாழ 1,740 மீட்டர் உயரம். எதிரே 5,000 மீட்டரையும் தாண்டி நிற்கும் கஸ்பெக் பனிச்சிகரம். விருந்தினன் இறைவனிடமிருந்து வந்தவன் என்பது அந்நாட்டார் வாக்கு. அவர்களுடைய பெருவிருந்தில் ‘தமதா’ எனப்படும் தலைவர், இறைவனுக்கும் நாட்டுக்கும் மறைந்த முன்னோருக்குமாக வாழ்த்துக் கூறிக்கொண்டே போவார். வாழ்த்துக்கு மதுக்கிண்ணம் உயரும். நமக்கு அது ஆகாது. மலைமக்களின் உணவு ‘கின்காலி’. நம் கொழுக்கட்டை போன்றது. உள்ளே இறைச்சியும் கொதிக்கும் சாறும். குடுமியைப் பிடித்துச் சாற்றை முதலில் உறிஞ்சிவிட்டுப் பிறகு உண்ண வேண்டும். பன்றி இறைச்சியும் கலப்பதுண்டாகையால் நம்மவர் கேட்டறியாமல் கைவைக்கலாகாது. இந்த உபசாரமெல்லாம் இன்று அங்குள்ள உணவகங்களில் பயணிகளுக்குக் கிடைக்கிறது. முடிவில் பில்லும் வருகிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? காங்கேயத்துக்கு வடக்கே, பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தில் ஓர் உணவகத்தின் பெயரே ‘நம்ம வீட்டுச் சாப்பாடு’. வீடு என்ற சொல்லே விலைக்கு வந்துவிட்டது!

இப்ராஹீம் நபி (அலை) அவர்களிடம் அறிமுகமற்ற சிலர் வந்தனர். இன்னார் என்று விசாரித்துக்கொண்டிராமல், ஓசையின்றி உள்ளே சென்று கொழுத்த கன்றைச் சமைத்துக் கொணர்ந்து அவர்கள் முன் வைத்தார்கள் அந்த நபி. வந்தவர்கள் வானவர்கள் என்பது பின்னரே தெரிந்தது. தமிழிலும் விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள், புதியவனே விருந்தினன்.

நம் வீட்டுப் பந்தியில் அமர்பவர் யார்? மாமன், மச்சான், சம்பந்தி, கடைவீதி நண்பர். நாம் ஓம்புவது விருந்தையன்று, உறவை. புதியவனை ‘நீ யார்?’ என்று கேளாமல் உட்கார வைப்பது இன்று உணவகமே. அதுவும் தானாக வந்துவிடவில்லை. சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவகப் பலகையிலிருந்து சாதிப்பெயரை அகற்றுவதற்கு 1957-இல் பெரியார் கிளர்ச்சியே நடத்த வேண்டியிருந்தது. காசு அன்பைத் தராது. ஆனால் தலைகுனியாமல் உண்ணும் உரிமையைத் தரும். அதை இழிவாகப் பேச எனக்கு மனமில்லை. காசே இல்லாதவனை அது வாசலிலேயே நிறுத்திவிடும் என்பதையும் மறைப்பதற்கில்லை.

காங்கேயத்தின் அரிசி ஆலைகளிலும் தேங்காய்க் களங்களிலும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் உழைக்கின்றனர். நம் வலீமா விருந்துகளில் அவர்களைக் காண்பது அரிது. ரமளானில் நோன்புக் கஞ்சிக்கு நீளும் பாத்திரம் யாருடையது என்று பள்ளிவாசலில் எவரும் கேட்பதில்லை. மற்றப் பதினொரு மாதங்களிலும் அவர்களை வாருங்கள் என்று அழைப்பவர் சாலையோரப் பரோட்டாக் கடைக்காரர் ஒருவர்தாம்.