வெட்கம் வேறு, வியாதி வேறு



வெட்கம் ஈமானின் ஒரு கிளை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருப்பதை நாம் அறிவோம். அந்த வெட்கம் மனிதனைப் பாவத்தினின்றும் தடுப்பது. ஆனால், ஜும்ஆவில் ஸஃப்பில் நிற்கவிடாமல் தடுக்கிற வெட்கமும், கலியாண விருந்தில் நாலு பேர் பார்க்கச் சோறுண்ண விடாத வெட்கமும், கல்லாவில் அமர்ந்தவன் நாவைக் கட்டிப் போடுகிற வெட்கமும் அதில் சேருமா? சேரா. அது வியாதி.

நம் முன்னோர் பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் சம்பள நாள் பார்த்துத் துணி மூட்டையுடன் சைக்கிளில் போனவர்கள். பேச்சே அவர்களுக்கு முதல். அத்தோட்டங்களில் பல இன்று செம்பனையாகவும் வீட்டு மனையாகவும் மாறிவிட்டன. கடைகளும் ஈப்போவுக்கு வந்துவிட்டன. ஆனால் வாய் திறவாத மகனைக் கண்டால், 'கடைக்கு லாயக்கற்றவன்' என்று ஏசும் வழக்கம் மட்டும் நம்மிடம் அப்படியே இருக்கிறது. தாயத்துக் கட்டுகிறோம், தண்ணீர் ஓதிக் கொடுக்கிறோம். டாக்டர் என்றால் மட்டும், "தஞ்சோங் ரம்புத்தானுக்கா?" என்று பதறுகிறோம். 1911-ல் திறந்த அந்த ஆஸ்பத்திரியின் இன்றைய பெயர் பஹாகியா, அதாவது மகிழ்ச்சி. ஏச்சுக்கு அதன் ஊர்ப்பெயரை நாம்தான் வழங்கி வருகிறோம்!

இவ்வியாதியைச் சமூக அச்சநோய் என்பர். பெரும்பாலும் பள்ளிப் பருவத்திலேயே தொடங்கும். பிறர் நம்மைப் பார்த்து நகைப்பார்களோ என்ற பயத்தில் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், குரல் அடைக்கும். ஆறு மாதத்துக்கு மேலும் நீடித்துத் தொழிலையும் படிப்பையும் கெடுத்தால், வைத்தியம் தேவை. அமெரிக்க மனோ வைத்தியர்களின் நோய்ப் பட்டியலில் இது 1980-ல் தனிப்பெயருடன் சேர்ந்தது. ஆயினும் உள்ளத்துக்கும் உடலைப் போல நோயுண்டு, மருந்துமுண்டு என்று, 934-ல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ என்ற நம் அறிஞர் அன்றே நூல் எழுதி வைத்தார். அஞ்சுவதைச் சிறிது சிறிதாகப் பழக வேண்டும் என்பது அவர் சொன்ன வழி. இன்றைய வைத்தியமும் ஏறக்குறைய அதுவே: முதலில் ஒருவருக்கு ஸலாம் சொல்லட்டும், பிறகு ஒரு வாடிக்கைக்காரரிடம் விலை சொல்லட்டும், அப்புறம் டெலிபோனை எடுக்கட்டும். சிலருக்கு மாத்திரையும் வேண்டும். அது குணம் காட்டச் சில வாரங்களாகும். நாமாக நிறுத்திவிடக் கூடாது.

துஆவை விட்டுவிடச் சொல்லவில்லை. மூஸா நபி (அலை) அவர்களைப் பாருங்கள். பிர்அவ்னின் சபைக்குப் போகும்படி ஆணை வந்ததும், நெஞ்சு நெருக்குவதையும் நா ஓடாததையும் மறைக்காமல் இறைவனிடம் சொன்னார்கள். நெஞ்சு விரிய வேண்டினார்கள். அத்துடன், தம் சகோதரர் ஹாரூனைத் துணையாகவும் கேட்டார்கள். அல்லாஹ் அவர்களைக் கண்டிக்கவில்லை, கேட்டதைக் கொடுத்தான்.

முதலில் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்குக்குப் போனால் போதும். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். தேவையென்றால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். டாக்டர் முன் பேச்சு வராது என்று பிள்ளை தயங்கினால், கஷ்டங்களை ஒரு தாளில் எழுதிக் கொண்டு போகட்டும். கடையை ஒரு வேளை அடைத்துவிட்டு, ஹாரூனாக நாமும் கூடப் போவோம்.