மலைப் பாதையில் யாருடைய வேகம்?



பாடசாலை விடுமுறை நெருங்கினால் நம் வீடுகளிற் பலவற்றில் மலைநாட்டுப் பயணப் பேச்சு எழுவது வழக்கம். ஒரு வான் பேசப்படும். அம்மம்மா முதல் கைக்குழந்தை வரை பன்னிரண்டு பேர் அதற்குள் அடங்குவர். யாழ்ப்பாணத்தில் இராச் சாப்பாட்டை முடித்துப் புறப்பட்டு, ஏ-9 வீதியில் ஏறத்தாழ 320 கிலோமீற்றர் ஓடி, விடியும் வேளை கண்டியை அடைந்து, அங்கிருந்து றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுவது பலரும் வகுக்கும் திட்டம். கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. நுவரெலியாவோ 1,850 மீற்றருக்கும் மேலே. இந்த ஏற்றத்தை வளைவுக்கு மேல் வளைவாகச் செல்லும் ஒரு வீதியிலேயே நாம் ஏறவேண்டும்.

இத்தகைய பயணங்களைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. ஆண்டு முழுவதும் வேலை, ரியூசன், கைத்தொலைபேசி என்று ஆளுக்கொரு பக்கமாகக் கிடக்கும் குடும்பம் மூன்று நாட்கள் தோளோடு தோள் உரசியிருப்பது பெரும் பேறு. பனையும் உவர்நிலமும் கண்டு வளர்ந்த பிள்ளைகள், மேகம் வீதியைக் கடந்து செல்வதைக் காண்பது ஒரு கல்வி. ஆயினும் அந்த வானில் யாரும் அழைக்காமலே ஓர் அறநெறிக் கேள்வியும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அந்த வான் யாருடைய வேகத்திற் செல்லவேண்டும் என்பதே அக்கேள்வி.

காசு கொடுத்தவருடைய வேகத்திலா? இருட்டுமுன் மூன்று நீர்வீழ்ச்சிகளையும் பார்த்துவிடத் துடிக்கும் இளைஞருடைய வேகத்திலா? சாரதியின் வேகத்திலா? அல்லது, முதலாம் வளைவிலேயே தலைசுற்றி, மடியில் தேசிக்காயை வைத்து முகர்ந்துகொண்டு, கண்ணை மூடியிருக்கும் அம்மம்மாவின் வேகத்திலா?

“அது சாரதியின் பொறுப்பு, அவருக்குத் தெரியும்” என்பதே பெரும்பாலோரின் விடை. இது பாதி உண்மை. பிறர் செய்யும் பிழையில் நாம் பங்காளிகளாகும் வழிகள் ஒன்பது என்று பழைய ஞானோபதேசம் கற்பித்தது. கட்டளையிடுதல், ஆலோசனை கூறுதல், இணங்குதல், தூண்டுதல், புகழ்தல், வாய்திறவாதிருத்தல் ஆகியன அவற்றுட் சில. இவற்றை ஒரு வானுக்குள் வைத்துப் பாருங்கள். “தம்பி, கொஞ்சம் கெதியாய் விடும், பன்னிரண்டு மணிக்கு அங்கை நிக்கவேணும்” என்பது கட்டளை. “தம்பி வலு விண்ணன்! அந்த லொறியை எப்பிடி வெட்டி எடுத்தவர் பாத்தியளே!” என்பது புகழ்ச்சி. பின் ஆசனத்தில் நெஞ்சு படபடக்க இருந்தும், மச்சான் என்ன நினைப்பாரோ என்று பேசாதிருப்பது மௌனம். சுக்கானைப் பிடித்திருப்பவை இரண்டு கைகளே. ஆனால் வேகத்தை அழுத்துபவை பல கால்கள்.

அந்தச் சாரதியையும் சற்று எண்ணிப்பாருங்கள். அவரும் ஒரு தாயின் பிள்ளை. சில குழந்தைகளின் தகப்பன். பகல் முழுவதும் வேறு ஓட்டம் ஓடிவிட்டு, இரவில் நம்மை ஏற்றியிருக்கலாம். பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், இரத்தத்தில் 0.05 சதவீதம் மதுசாரம் உள்ளவருடையதைப் போலத் தளர்ந்துவிடும் என ஆய்வுகள் காட்டியுள்ளன. குடித்த ஒருவரிடம் நம் பிள்ளைகளை ஒப்படைக்கமாட்டோம். உறங்காத ஒருவரிடம் தயக்கமின்றி ஒப்படைக்கின்றோம். நாம் விடுதியில் அறை எடுக்கையில் அவர் எங்கே படுக்கிறார் என்று கேட்பவர் எத்தனை பேர்? வானின் முன் ஆசனத்தில் குளிரில் முடங்கிக் கிடந்தவர்தான் மறுநாள் நம்மை மலையிலிருந்து இறக்கப் போகிறவர். “இயலாது, நித்திரை வருகுது” என்று சொன்னால் அடுத்த ஓட்டம் கிடைக்காதே என்ற அச்சம் அவருக்கு உண்டு. கூலி கொடுத்து அவருடைய உழைப்பை வாங்கலாம். அவருடைய உறக்கத்தை வாங்க நமக்கு உரிமையில்லை. இது இரக்கத்தின் பாற்பட்டதன்று, நீதியின் பாற்பட்டது.

மலையோ அவசரத்தை மன்னிப்பதில்லை. வேகம் இரு மடங்கானால், பிறேக் பிடித்து நிறுத்த வேண்டிய தூரம் நான்கு மடங்காகும். இறக்கத்தில் ஓயாது பிறேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறித் தன் பிடியை இழக்கும். ஆகவேதான், ஏறிய கியரிலேயே இறங்கு என்று முதிய சாரதிகள் கற்றுக்கொடுத்தனர். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கவேண்டும். பிறேக் தேவைக்கு மட்டுமே. ஏறுவதைவிட இறங்குவதற்கே கூடுதலான பொறுமை வேண்டும்.

மலைப் பாதைக்கு இன்னுமொரு வழக்கம் உண்டு. ஒடுங்கிய இடத்தில் இரு வண்டிகள் எதிர்ப்பட்டால், இறங்கி வருவது ஒதுங்கி நின்று, ஏறி வருவதற்கு வழிவிட வேண்டும். காரணம் எளிது. பாரத்தோடு ஏறுகிற வண்டி நடுவில் நின்றுவிட்டால் மீண்டும் புறப்படுவது கடினம். பின்னோக்கி உருளவும் கூடும். இறங்குகிற வண்டிக்கோ நின்று புறப்படுவது அத்துணை வருத்தமன்று. இலகுவாக உள்ளவன், பாரம் சுமப்பவனுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதே இவ்வழக்கத்தின் உட்பொருள். நாம் எழுப்பிய கேள்விக்கு விடையும் இதுவே. ஒன்றாகச் செல்லும் பயணத்தில் வேகத்தைத் தீர்மானிக்க வேண்டியவர் வலியவரல்லர், வருந்துகிறவரே.

இதை முதலில் வானுக்குள் கடைப்பிடிப்போம். தலைசுற்றும் சத்தியும் ஒருவருடைய குற்றமல்ல. உட்காது உணரும் அசைவும் கண் காணும் காட்சியும் ஒன்றோடொன்று ஒவ்வாதபோது உடல் தடுமாறுகிறது, அவ்வளவே. முன்னாலிருந்து தூரத்தைப் பார்த்துச் சென்றால் அது ஓரளவு தணியும். ஆனால் நம் வழக்கத்தில் முன் ஆசனம் குடும்பத்துப் பெரியவருக்கு உரிய மரியாதை ஆசனம். வருந்துகிற மருமகளோ பின் வரிசையில், பொலித்தீன் பையுடன்! அம்மம்மாவோ, “எனக்கொண்டுமில்லை, நீங்கள் போங்கோ பிள்ளையள்” என்பார். தம்மாற் பிள்ளைகளின் மகிழ்ச்சி கெடக்கூடாதென்று அவர் சொல்லும் வார்த்தை அது. அதை அப்படியே ஏற்றுக்கொண்டு ஓட்டத்தைத் தொடர்வது நமக்கு வசதி. வானை நிறுத்தி, கதவைத் திறந்து, மறுபடியும் கேட்பதே அன்பு.

அடுத்து, வானுக்கு வெளியே பாருங்கள். நமக்குச் சுற்றுலாவாகிய அந்த வீதி, தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடசாலை செல்லும் வழி. கொழுந்துச் சுமையோடு ஓரமாக நடக்கும் தாய்க்கு வேலைத்தலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்துவரப்பட்ட அவர்களுடைய மூதாதையரிற் பலர், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைவரை நடந்தே சென்றனர். பசியாலும் கொள்ளைநோயாலும் வழியிலேயே மாண்டவர்கள் பலர். அவர்களுடைய சந்ததியாரைக் கடக்கும்போது நம் வான் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு பறக்கலாமா? அங்கே வேகத்தைக் குறைப்பது வெறும் வீதி ஒழுங்கன்று. அவர்களுக்கு நாம் செலுத்தும் மரியாதை.

“மாதா காப்பாற்றுவா” என்பார் சிலர். வானின் முகப்பில் மடு மாதாவின் படமும் புனித அந்தோனியாரின் உருவமும் இருப்பது நல்லதே. ஆயினும் ஆலயத்தின் உச்சியில் நின்ற இயேசுவிடம், தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள், குதித்துப்பார் என்று தூண்டியவன் யார் என்பதை மறந்துவிடலாகாது. நமது கையில் உள்ளதைச் செய்யாமல் இறைவனின் கையை எதிர்பார்ப்பது விசுவாசமன்று; அவரைச் சோதித்தலாகும்.

“இப்படியெல்லாம் பயந்தால் வீட்டிலேயே இருக்கவேண்டியதுதான்” என்று வாசகர் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆபத்து சிறிதுமில்லாத வாழ்வு எங்குமில்லை; அதைத் தேடுவது கோழைத்தனம். விவேகமும் அச்சமும் ஒன்றல்ல. புனித தோமஸ் அக்குவீனாஸ் விவேகத்தின் கூறுகளாக நினைவாற்றல், பிறரிடம் கற்கும் பணிவு, முன்னோக்கு, சூழ்நிலை அறிதல், எச்சரிக்கை முதலியவற்றைக் கூறினார். நடந்ததை மறவாதிருப்பதும் அறமே என்பது அவர் கருத்து. 2025 மே 11ஆம் திகதி கொத்மலைப் பகுதியில் கெரண்டியெல்லவில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி எல்ல–வெல்லவாய வீதியில், சுற்றுலா சென்று திரும்பிய பஸ் வீழ்ந்து பதினைந்து பேர் மாண்டனர். நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயலின் மழை மலைச்சரிவுகளைப் பெயர்த்து, வீதிகளை அறுத்தது. இவற்றை நினைவில் வைத்துப் புறப்படுபவன் கோழையல்லன். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயத்தை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று தரம் பிரித்து அறிவிக்கிறது. அதைக் கேட்டு, விடுதிக்குக் கட்டிய முற்பணம் போனாலும் போகட்டும் என்று திரும்புகிற தகப்பன் தோற்றவனல்லன். பிள்ளைகளுக்கு அவன் கொடுத்த பாடம் எந்த நீர்வீழ்ச்சியையும்விடப் பெரியது.

ஆகையால், குடும்பத் தலைவர்களே, புறப்படுமுன் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். முதலாவது, இரவோடிரவாக ஓடும் திட்டத்தைக் கைவிட்டு, பகலில் ஏறிப் பகலில் இறங்குங்கள். பார்க்கும் இடங்கள் குறைந்தாற் குறையட்டும். இரண்டாவது, சாரதிக்கும் ஒரு கட்டிலும் சுடுசோறும் உங்கள் செலவுக் கணக்கில் முதலில் எழுதப்படட்டும். மூன்றாவது, வானில் ஏறியதும் எல்லோரும் கேட்கச் சொல்லுங்கள்: “ஆர் எண்டாலும், எப்ப எண்டாலும், நிப்பாட்டச் சொல்லலாம். ஏன் எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டம்.” வீட்டில் வாய்திறக்கத் தயங்கும் மருமகளுக்கும், பேச்சுக்கு மதிப்பில்லாத சிறுவனுக்கும், பாரமாகிவிடக் கூடாதென்று அஞ்சும் முதியவருக்கும் அந்த ஒரு வாக்கியம் ஓர் உரிமையைக் கொடுக்கும்.

அவ்வுரிமை மலையிலிருந்து இறங்கியதோடு முடிந்துவிட வேண்டியதுமில்லை. கலியாணப் பேச்சிலும், காணிப் பங்கீட்டிலும், பிள்ளைகளின் படிப்பிலும் நம் குடும்பங்கள் ஏறுகிற ஏற்றங்கள் பல. அங்கும் இலகுவாக உள்ளவர்கள் ஒதுங்கி நின்று, பாரம் சுமப்பவருக்கு வழிவிடட்டும்.